பல் வேருக்குள்ள மறுபடி சதை வளருமா? பெப்டைடு ஜெல் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மேலூர்_அம்மா
வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூட மைதானத்துல விழுந்து மேல் முன்பல் ஒண்ணு அடிபட்டுச்சு. அப்பவே டாக்டர்கிட்ட காட்டினோம், கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்னார். இப்போ பல் சாம்பல் நிறமாயிருச்சு. மேல ஈறுல சின்னக் கொப்புளம் வர்றதும் போறதுமா இருக்கு. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, வேர் இன்னும் முழுசா வளரலை, நுனி திறந்தே இருக்கு, சாதாரண ரூட் கேனால் இதுக்கு ஒத்து வராதுங்கிறார்.

பெங்களூர்ல இருக்கிற என் தம்பி ஒரு செய்தி அனுப்பினான். பெப்டைடு ஜெல்னு ஒண்ணு இருக்காம், ஊசியில பல்லுக்குள்ள விட்டா செத்துப்போன சதை திரும்ப வளருமாம். அது நம்ம ஊருக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? வாழ்நாள் பூரா வேண்டிய முன்பல்லு, அதான் கேக்குறேன்.

அண்ணாநகர்_பல்மருத்துவர்
காத்திருக்காதீங்கம்மா. நிறம் மட்டும் மாறியிருந்தா நானும் பொறுத்துப் பாக்கத்தான் சொல்லியிருப்பேன். அடிபட்ட பல் கறுத்துப்போயும் உள்ள உயிரோட இருக்கிறது உண்டு. சின்னப் பிள்ளைங்களுக்குக் குளிர் வச்சுப் பாக்கிற சோதனையும் மின்சாரச் சோதனையும் சரியாச் சொல்லாது. ஆனா கொப்புளம் வந்து போகுதுன்னா உள்ள சீழ் இருக்கு. கிருமி இருக்கிற இடத்துல வேர் வளராது, சுத்தியிருக்கிற எலும்பும் கரையும்.

மேல் நடுப்பல் ஏழெட்டு வயசுல முளைக்கும். வேர் முடிஞ்சு நுனி குவிய ஏறக்குறைய பத்து வயசாகும். அதுக்குள்ள பல்கூழ், அதாவது பல்லுக்குள்ள இருக்கிற சதை, செத்துட்டா வளர்ச்சி அந்த இடத்துலயே நின்னுரும். வேர்ச்சுவர் மெல்லிசாவே இருந்துரும், நுனியும் மூடாது. வழக்கமா அடைக்கிற கட்டா பெர்ச்சாவை அதுல வச்சா வேருக்கு வெளிய தள்ளிக்கிட்டுப் போகும்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நுனியில எம்டிஏ சிமெண்ட்டை வச்சு மூடி, அதுக்கு மேல நிரப்புறது. சீழ் நிக்கும், எலும்பும் ஆறும். ஆனா சுவர் தடிக்காது, பிற்காலத்துல பல்லோட கழுத்துப் பக்கம் முறியுற பயம் இருக்கும். இன்னொண்ணு ரீவாஸ்குலரைசேஷன். உள்ள இருக்கிற கிருமியைக் கொன்னுட்டு, வேர்நுனிக்கு அந்தப் பக்கம் மெல்லக் கீறி, ரத்தத்தை வேருக்குள்ள ஏற வச்சு உறைய விடுறது. 2001ல ஜப்பான்ல இவாயா குழுவும் 2004ல பாங்க்ஸும் ட்ரோப்பும் வெளியிட்ட கேஸ்களுக்கு அப்புறம்தான் இது பரவுச்சு. இன்னைக்கு இது ஆராய்ச்சி இல்லை, நடைமுறைச் சிகிச்சை. மதுரையிலயே வேர்ச் சிகிச்சை நிபுணரான எண்டோடான்டிஸ்டும் குழந்தைப் பல் மருத்துவரும் செய்றாங்க. நுனி திறந்திருக்கிறதைக் குறைன்னு நினைக்காதீங்க. ரத்தம் உள்ள வர அதுதான் வழி.

பல்கலைநகர்_பயோடெக்
டாக்டர் சொன்னதுதான் இப்போதைக்குச் செய்ய வேண்டியது. அந்த ஜெல் என்ன பொருள், எந்த நிலையில இருக்குன்னு நான் சொல்றேன். புரதப் பொருட்கள்லதான் என் ஆராய்ச்சி, அதனால கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

1990களின் தொடக்கத்துல அமெரிக்காவுல எம்ஐடியில சுகுவாங் ஜாங், ஈஸ்ட்டுல இருக்கிற சூவோடின்ங்கிற புரதத்தைப் படிச்சுக்கிட்டிருந்தார். அதுல ஒரே வரிசை திரும்பத் திரும்ப வர்ற ஒரு பகுதி இருந்துச்சு. அந்தத் துண்டை மட்டும் (இந்த மாதிரிச் சின்ன அமினோ அமிலச் சங்கிலிதான் பெப்டைடு) தனியாத் தயாரிச்சு உப்புக் கரைசல்ல விட்டப்போ, கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மெல்லிய சவ்வு உருவாச்சு. அந்தக் கட்டுரை 1993ல வந்துச்சு. அதோட வழியில வந்ததுதான் ராடா16. அர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின்ங்கிற நாலும் நாலு தடவை அடுக்கின பதினாறு அமினோ அமிலம்.

அர்ஜினின்ல நேர் மின்னூட்டம், அஸ்பார்ட்டிக் அமிலத்துல எதிர் மின்னூட்டம். அலனினுக்குத் தண்ணி ஆகாது. சங்கிலி விரிஞ்சு நின்னா ஒரு பக்கம் முழுக்க மின்னூட்டம், மறுபக்கம் முழுக்க அலனின். தண்ணிக்கு விலகுற பக்கம் ரெண்டு சங்கிலிக்கு நடுவுல போய் ஒளிஞ்சுக்கும். மின்னூட்டப் பக்கம், டிச் பட்டன் வரிசை மாதிரி, எதிரும் புதிருமா அமுங்கிப் பொருந்தும். இப்படி அடுக்கி அடுக்கிப் பத்து நானோமீட்டர் அளவு தடிப்புள்ள இழை உருவாகுது. இழைகள் பின்னி வலையாகி, வலைக்குள்ள தண்ணி மாட்டிக்கும். எடையில 99 சதவீதம் தண்ணியா இருக்கிற ஜெல்லு அது. யாரும் பின்ன வேண்டாம், ஒட்டு மருந்து வேண்டாம், சூடு வேண்டாம்.

பல்லுக்கு இது ஏன் பொருந்துதுன்னா, வேர்க்குழி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வளைவு. முன்கூட்டியே அச்சுல வார்த்த எந்தப் பொருளும் அதுக்குள்ள சரியா உக்காராது. இது நீர்மமா உள்ள போய், குழியோட வடிவத்துலயே கெட்டியாகும். மாட்டுக் கொலாஜன், பன்றிக் கொலாஜன் மாதிரி விலங்குப் பொருள் எதுவும் இதுல இல்லை.

திருநகர்_வேதியியல்
தம்பி, முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவன் நான். ஒரு சந்தேகம். தானாகவே கட்டிக்கொள்ளும் என்றால் குப்பியில் இருக்கும்போதே ஏன் கட்டிக்கொள்வதில்லை? ஊசிக்குள் அடைத்துக்கொள்ளாதா?

பல்கலைநகர்_பயோடெக்
நல்ல கேள்வி சார். குப்பியில கரைசல் நல்ல புளிப்பா, பிஎச் மூணை ஒட்டி இருக்கும். அந்த நிலையில அஸ்பார்ட்டிக் அமிலம் பெரும்பாலும் தன் எதிர் மின்னூட்டத்தை இழந்துரும். அர்ஜினினோட நேர் மின்னூட்டம் மட்டும் மிஞ்சுறதால இழைகள் ஒண்ணையொண்ணு தள்ளும். உடம்புத் திரவம் பட்டதும் பிஎச் ஏறுது, உப்பு அயனிகள் மின்னூட்டத்தை மறைக்குது, தள்ளுறது நின்னு ஒட்டுறது ஆரம்பிக்குது.

இதுலயே ஒரு சங்கடமும் இருக்கு. அந்தப் புளிப்புக் கரைசல் செல்கள் மேல நேரா பட்டா செல்களுக்கு ஆகாது. அதனால ஆய்வகத்துல செல்களைக் கலக்கும்போது ரொம்ப வெரசா வேலையை முடிச்சு ஊட்டக் கரைசலை ஊத்தணும். பல் நாற்காலியில அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்க் குழு இதுக்கு வேற வடிவம் பண்ணினாங்க. நடுவுல அடுக்கிக்கிற பகுதி, ரெண்டு நுனியிலயும் மின்னூட்டப் பகுதி. அதுக்குள்ள செல் பிடிச்சு நிக்கிறதுக்கு ஒரு வரிசை, செல் தன் நொதியால அறுத்து வழி பண்ணிக்கிறதுக்கு ஒரு வரிசைன்னு சேத்துக்கலாம். கெர்ஸ்டின் கல்லர் அந்த ஜெல்லுல பல்கூழ் ஸ்டெம் செல்லையும் (வேற செல்லா மாறக்கூடிய மூலச் செல்) செல்லை வளரத் தூண்டுற வளர்ச்சிக் காரணிகளையும் கலந்து, டென்டின் (பல்லோட உள்சுவர்) உருளைக்குள்ள வச்சு, எலியோட முதுகுத் தோலுக்கடியில பொருத்தினாங்க. கூழ் மாதிரியான திசு வளர்ந்துச்சு. 2012ல வெளியானது. அடுத்த வருஷம் மிச்சிகன்ல ஜாக் நோர் குழு, ராடா16 வகை ஜெல்லோட பால்பல் ஸ்டெம் செல்லை முழு நீள மனித வேருக்குள்ளயே செலுத்தி, புது டென்டின் படியிறதைக் காட்டினாங்க. அதுவும் எலிக்குள்ள வச்சுத்தான்.

மேலூர் அக்காவோட தம்பி அனுப்பினது நியூஜெர்சியில விவேக் குமார் குழுவோட வேலையா இருக்கும்னு நினைக்கிறேன். 2018 ஆகஸ்ட்ல பாஸ்டன்ல நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்துல சொன்னதுலருந்து செய்தியாச்சு. ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைப் போலவே வேலை செய்ற ஒரு குட்டி வரிசையைப் பெப்டைடோட நுனியில ஒட்ட வச்சிருக்காங்க. செல் எதுவும் உள்ள விடாம, ஜெல்லு மட்டுமே ரத்தக்குழாயைக் கூப்பிடணும்ங்கிறது எண்ணம். நாய்ப்பல்லுல சோதிச்சாங்க. மனுசப் பல்லுல வழக்கமாப் போடுற நிலைக்கு அது வரலை.

பிஜி_ரெண்டாம்வருசம்
நான் பல் மருத்துவ முதுநிலை படிக்கிறேன். அண்ணன் சொல்ற ஆராய்ச்சி எல்லாம் சரி. ஆனா ஜெல்லு இல்லாமலே வேலை நடக்குதே? நாங்க பிஆர்எஃப் போடுறோம். பிள்ளை கையில கொஞ்சம் ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காம இயந்திரத்துல வேகமாச் சுழல விட்டா நடுவுல ஃபைப்ரின்ங்கிற ரத்தம் உறையுற நார் கட்டியா நிக்கும். அதை வேருக்குள்ள வச்சு மூடுறோம். 2001ல பிரான்ஸ்ல ஷூக்ரூன் கொண்டு வந்தது. அவங்க ரத்தம் அவங்களுக்கே, செலவும் பெருசா இல்லை. சீழ் வத்தி எலும்பு ஆறுறது எக்ஸ்ரேயில நல்லாவே தெரியுது. பதினாறு அமினோ அமிலத்தை ஒண்ணொண்ணாக் கோத்துச் சுத்திகரிச்சு வாங்குற செலவுல நம்ம சனங்களுக்கு என்ன லாபம்?

பல்கலைநகர்_பயோடெக்
எலும்பு ஆறுறதை நான் மறுக்கலை. உள்ள என்ன வளர்ந்துச்சுங்கிறதுதான் என் கேள்வி. ரத்தக்கட்டி முறையில சிகிச்சை செஞ்ச பல்லைப் பின்னாடி ஏதோ காரணத்துக்காக எடுத்து நுண்ணோக்கியில பாத்தப்போ, பல தடவை இருந்தது பல்கூழ் இல்லை. வேரை மூடியிருக்கிற சிமென்டம் மாதிரி, எலும்பு மாதிரி, வேரைப் பிடிச்சிருக்கிற நார் மாதிரியான திசு. டென்டினை உண்டாக்குற ஓடோன்டோபிளாஸ்ட் வரிசை அதுல இல்லை. சுவர் தடிக்கிறதும் ஒரு பிள்ளைக்கு நல்லா இருக்கு, இன்னொரு பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லை. ரத்தக்கட்டி நம்ம சொல்றபடி கேக்காது. சுருங்கும், வேகமாக் கரையும். ஜெல்லுல எவ்வளவு நாள் நிக்கணும், எந்தச் செல்லைக் கூப்பிடணும்னு நாம எழுதலாம். செலவைப் பொறுத்தவரை நீங்க சொல்றது நியாயம். ஆனா விலை நிரந்தரம் இல்லை தம்பி.

அண்ணாநகர்_பல்மருத்துவர்
ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. ஆனா ஜெல்லோ ரத்தக்கட்டியோ, உள்ள வைக்கிற பொருளை மட்டுமே பேசுறது எனக்கு ஒப்பலை. தோத்துப்போற கேஸ் பெரும்பாலும் கிருமி மிச்சம் இருந்த கேஸ்தான். டென்டின் நுண்குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கிற கிருமியை அழிக்கணும், அதே சமயம் வேர்நுனியில இருக்கிற ஸ்டெம் செல்லைக் கொல்லக் கூடாது. அதனாலதான் கிருமி கொல்ற ஹைப்போகுளோரைட்டை ஒன்றரை சதவீதத்துக்கு இறக்கிப் போடுறோம். கடைசியா 17 சதவீத ஈடிடிஏ ஊத்திக் கழுவுறோம். டென்டினுக்குள்ள பூட்டிக்கிடக்கிற வளர்ச்சிக் காரணிகளை அது வெளிய விடுது. பல்லோட சுவரே மருந்துப் பெட்டிதான், அதை இன்னும் நாம முழுசாப் பயன்படுத்தலை. ஜெல் வந்தாலும் இந்த வேலை குறையாது.

மேலூர் அம்மா, உங்க டாக்டர்கிட்ட சில விஷயம் கேளுங்க. ரப்பர் ஷீட் கட்டி வேலை செய்வாரான்னு கேளுங்க. எச்சில் உள்ள போனா எல்லாம் வீண். ரெண்டு தவணைக்கு நடுவுல என்ன மருந்து வைப்பார்னு கேளுங்க. மூணு ஆன்டிபயாட்டிக் கலவையில மினோசைக்ளின் இருந்தா பல் கறுக்கும். முன்பல்லுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும். ரத்தத்துக்கு மேல வைக்கிற எம்டிஏயும் நிறம் மாத்தும். பயோடென்டின் மாதிரிப் பொருள்ல அந்தத் தொல்லை குறைவு. ரத்தம் வரவழைக்கிற அன்னைக்கு அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போடணும். இல்லைன்னா ரத்தக்குழாய் சுருங்கி, ரத்தமே ஏறாது. அப்புறம் வருஷக்கணக்குல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும், விட்டுறாதீங்க.

மேலூர்_அம்மா
ரொம்ப நன்றிங்க டாக்டர். எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். இந்த வாரமே நிபுணரைப் பாக்குறோம்.

சிம்மக்கல்_கடைக்காரர்
எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. கடவாய்ப்பல்லுல ரூட் கேனால் முடிச்சு கேப் போட்டிருக்கேன். எனக்கும் இந்த மாதிரி சதை வளர வைக்க முடியுமா?

பல்கலைநகர்_பயோடெக்
பெரியவங்க பல்லுலதான் இந்த ஆராய்ச்சியோட உண்மையான கஷ்டம் இருக்கு அண்ணே. முழுசா வளர்ந்த வேரோட நுனித் துளை அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பல்கூழுக்கு வர்ற ரத்தம் முழுக்க அந்தத் துளை வழியாத்தான் வரணும். சுத்திலும் கெட்டிச் சுவர், பக்கத்துலருந்து உதவி கிடையாது. நீங்க எவ்வளவு நல்ல செல்லை உள்ள வச்சாலும், ரத்தக்குழாய் மேல வந்து சேர்றதுக்குள்ள அது மூச்சடைச்சுச் செத்துரும். ரத்தக்குழாயைக் கூப்பிடுற வரிசையை ஜெல்லுல ஒட்ட வைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

வழியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஜப்பான்ல மிசாகோ நகாஷிமா குழு, வளர்ந்த பல் உள்ள ஐந்து பேருக்கு அவங்கவங்க பல்கூழ் ஸ்டெம் செல்லையே எடுத்து வளர்த்து வச்சுப் பாத்தது 2017ல வெளிவந்துச்சு. ஆனா ஏற்கெனவே அடைச்சுக் கேப் போட்டு, தொல்லையில்லாம இருக்கிற உங்க பல்லை இதுக்காகத் திறக்க வேண்டியதில்லை.

உசிலம்பட்டிக்காரன்
எங்க அப்பாவுக்கு ஈறு இறங்கிப்போச்சு. கீழ் முன்பல் நாலும் ஆடுது. சுகர் இருக்கு, வெத்தலை பாக்கு புகையிலையும் உண்டு. ஈறு வளர இந்த ஜெல்லு உதவுமா?

பிஜி_ரெண்டாம்வருசம்
ஈறு மட்டும் வளர்ந்தா பத்தாதுண்ணே. பல்லைப் பிடிச்சு வச்சிருக்கிறது நாலு திசு. ஈறு, எலும்பு, வேர் மேல இருக்கிற சிமென்டம், எலும்பையும் சிமென்டத்தையும் இழுத்துக் கட்டியிருக்கிற நார். நாலும் அதோட இடத்துல திரும்பி வந்தாத்தான் ஆட்டம் நிக்கும். இதுல வேகமா வளர்றது ஈறோட மேல்தோல்தான். சுத்தம் பண்ணி விட்டதும் அது முந்திக்கிட்டு வேரோரமா இறங்கிரும், மத்ததுக்கு இடமே இல்லாமப் போயிரும். 1982ல நைமன் குழு நடுவுல தடுப்பு வச்சு, மெதுவா வளர்ற நாருக்கும் எலும்புக்கும் இடம் ஒதுக்கிக் காட்டினாங்க. அதுக்கப்புறம் பன்றியோட பல்மொட்டுலருந்து எடுத்த எனாமல் புரத ஜெல்லும் வந்துச்சு. பேரு எம்டோகெய்ன், எங்க துறையில பழக்கமானது. தானாச் சேர்ற பெப்டைடு ஜெல்லை எலிகளோட ஈறுக் குழியில வச்சு ஜப்பான்ல 2016ல சோதிச்சு, குணமாகுறது கூடுதுன்னு காட்டினாங்க. எலியோட குழியைக் கத்தியால வெட்டி உண்டாக்கினாங்க. அப்பாவோட குழி கிருமியும் சுகரும் சேந்து வருஷக்கணக்கா அரிச்சது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

எந்த ஜெல் வச்சாலும் புகையிலை இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு ஆறாது. சுகர் ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகர் கட்டுக்குள்ள வர்றதும் கஷ்டம். முதல்ல மூணு மாச சுகர் சராசரி எடுங்க, வேர் வரைக்கும் ஆழமாச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஆடுற நாலையும் கம்பியால சேத்துக் கட்டிப் பாக்கலாம். புகையிலையை விடுறதுக்கு நீங்க வீட்டுல பேசுங்க. நாங்க சொன்னா ஒரு வாரம் கேப்பாங்க.

நிலக்கோட்டை_டீச்சர்
எங்க பக்கம் போர்த்தண்ணியில ஃபுளோரைடு அதிகம். பிள்ளைங்க பல்லுல வெள்ளையும் பழுப்புமாத் திட்டு இருக்கு. பெப்டைடு தடவினா வெள்ளைத் திட்டு போயிரும்னு ஒரு விளம்பரம் பாத்தேன். அதுவும் இந்த ஜெல்லுதானா?

அண்ணாநகர்_பல்மருத்துவர்
அது வேற பெப்டைடு, டீச்சர். பி11-4ன்னு பேரு, பதினொரு அமினோ அமிலம். இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல உருவானது, சுவிட்சர்லாந்து நிறுவனம் கடைக்குக் கொண்டு வந்துச்சு. ஆரம்பச் சொத்தையால எனாமலுக்கடியில தாதுச்சத்து கரைஞ்சு வெள்ளையாத் தெரியும்ல, அதுக்குள்ள ஊறிப்போய் அங்க வலையாச் சேரும். எச்சில்ல இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் அதுல படியும். குழி விழுந்துட்டா பயனில்லை. உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு இருக்கிறது பல் உருவாகும்போதே ஃபுளோரைடு அதிகமானதால வந்தது. சொத்தை வெள்ளைக்குச் செஞ்ச மருந்தை அதுக்கு விக்கிறாங்கன்னா எச்சரிக்கையா இருங்க. அங்க முதல் தேவை நல்ல குடிதண்ணி.

கே_புதூர்_அப்பா
இதெல்லாம் படிச்சதும் ஒரு கேள்வி. பொண்ணுக்குப் பால்பல் ஆடுது. அதைச் சேமிச்சு வச்சா நாளைக்கு அதுலருந்தே ஸ்டெம் செல் எடுக்கலாம்னு ஒரு ஏஜெண்டு வந்து பேசினார். பணம் கட்டலாமா?

பல்கலைநகர்_பயோடெக்
கட்டாதீங்க. பால்பல்லுல ஸ்டெம் செல் இருக்கிறது உண்மை, 2003லயே காட்டினாங்க. சீனாவுல சியான் நகர மருத்துவக் குழு 2018ல, அடிபட்டுச் செத்த முன்பல்லுக்குள்ள பிள்ளைங்களோட சொந்தப் பால்பல் செல்லையே வச்சு, வேர் நீண்டதையும் உணர்ச்சி திரும்பினதையும் வெளியிட்டாங்க. செல் வச்ச 26 பேரைப் பின்தொடர்ந்து பாத்திருக்காங்க. நம்பிக்கை தர்ற வேலைதான். ஆனா அவங்க வேணுங்கிற நேரத்துல அதே பிள்ளையோட இன்னொரு பால்பல்லை எடுத்துத்தான் செஞ்சாங்க, வருஷக்கணக்கா வங்கியில வச்சிருந்ததை இல்லை. இந்தியாவுல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி தொப்புள்கொடி ரத்தம் தவிர மத்ததை வணிகமாச் சேமிக்க அனுமதி இல்லை. பல்லும் அந்தப் பட்டியல்ல வருது. அங்கீகரிச்ச ஆய்வுக்கு வெளிய ஸ்டெம் செல் சிகிச்சைன்னு காசு வாங்குறதும் தப்பு.

யாராவது 'சோதனையில சேருங்க'ன்னு கூப்பிட்டா, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ இணையதளத்துல அந்தப் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்க. 2009 ஜூன்லருந்து பதிவு கட்டாயம். எண் சொல்லத் தயங்கினா எந்திரிச்சு வந்துருங்க.

அலங்காநல்லூர்_பிடி_சார்
நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். மைதானத்துல பல்லு முழுசாவே கையில வந்துட்டா என்ன செய்யணும்? சிலர் இளநீர்ல போடச் சொல்றாங்க.

அண்ணாநகர்_பல்மருத்துவர்
சார், இந்த இழையிலயே ரொம்பப் பிரயோசனமான கேள்வி இது. நிரந்தரப் பல்லா இருந்தா, வெளிய தெரியுற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிங்க, வேரைத் தொடாதீங்க. மண் இருந்தா பாலிலயோ சலைன்லயோ லேசா அலசுங்க, தேய்க்காதீங்க. பிள்ளைக்கு நினைவு தெளிவா இருந்தா அங்கேயே குழியில திருப்பி வச்சு, துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. முடியலைன்னா பால்ல போடுங்க. இளநீர் புளிப்புத் தன்மை, பால்தான் நல்லது. வெறும் தண்ணியில ஊற வைக்கக் கூடாது, வேர்மேல இருக்கிற செல் வெடிச்சுரும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அரை மணிக்குள்ள வச்சா நல்ல வாய்ப்பு. பால்பல்லா இருந்தா திருப்பி வைக்காதீங்க, கீழ இருக்கிற மொட்டைக் கெடுத்துரும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு பாருங்க.

வேர்நுனி திறந்த வயசுல உடனே திருப்பி வச்ச பல்லுக்குள்ள ரத்தக்குழாய் தானாவே ஏறி, கூழ் பிழைக்கிறதும் உண்டு. ஜெல்லும் வேண்டாம், செல்லும் வேண்டாம். அதனால அந்தப் பல்லுக்கு உடனே கூழை எடுக்காம, வளையுற கம்பியால ரெண்டு வாரம் கட்டி வச்சு, அடிக்கடி எக்ஸ்ரே பாப்போம். உங்க ஸ்கூல் முதலுதவிப் பெட்டியில சின்ன சலைன் பாட்டிலும், மூடி போட்ட சுத்தமான டப்பாவும் ஒண்ணு வைங்க. பால் பக்கத்து டீக்கடையில எப்பவும் கிடைக்கும், காய்ச்சாத பச்சைப் பாலாக் கேட்டு வாங்குங்க. சூடு பட்டா செல் போயிரும்.